கூத்து வாத்தியாரின் நோட்டும் ஒரு நிதி விண்ணப்பமும்

2024 ஜூன் மாதம். எமிஸ் தளத்தில் பதிவேற்றுவதற்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தான். அவனுடைய அப்பா எங்கள் ஊர்த் தெருக்கூத்து ஜமாவில் முகவீணை வாசிப்பவர். சுற்று வட்டாரத்தில் கூத்து பார்க்கிறவர்களில் அவரைத் தெரியாதவர் இல்லை.

"ஏம்பா, அப்பா முகவீணைக் கலைஞர்தானே?" என்று கேட்டேன்.

பக்கத்து வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "கூலின்னே இருக்கட்டும் சார்" என்றான்.

'கூத்தாடி' என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்தும் ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு அந்தப் பார்வையின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஜமாவுக்கு ஒரு நிதியுதவி பெற்றுத்தர முயன்று, ஒருமுறை தோற்று, மறுமுறை ஓரளவு வென்ற அனுபவத்தை இக்கட்டுரையில் பகிர்கிறேன். நம் பள்ளிகளைச் சுற்றி ஏதாவது ஒரு கலைக்குழு இருக்கிறது. பறை, கரகம், பொம்மலாட்டம், தோற்பாவை, வில்லுப்பாட்டு, நாடகம் என்று ஊருக்கு ஊர் மாறும். அவர்களில் பலர் நம் மாணவர்களின் பெற்றோர். விண்ணப்பம் எழுத வேண்டும் என்றால் அவர்கள் முதலில் தேடி வருவது நம்மைத்தான். அப்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டவை இவை.

அழகாக எழுதினேன், திரும்பி வந்தது

திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள சிற்றூர் எங்களுடையது. ஜமாவில் பன்னிரண்டு பேர். துரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் ஓய்வே இருக்காது. மற்ற மாதங்களில் கல் உடைக்கவும் நடவு வேலைக்கும் போவார்கள். ஜமாவை நடத்துபவரை எல்லாரும் வாத்தியார் என்றே அழைப்பார்கள். கூத்தில் பயிற்றுவிப்பவருக்கு அதுதான் பெயர். 2021-இல் அவர் பள்ளிக்கு வந்து, கலைக்கு நிதி வழங்கும் ஓர் அமைப்பின் அறிவிப்பைக் காட்டி, "நீங்க எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும் சார்" என்றார்.

நானும் எழுதினேன். நான்கு பக்கம். கூத்தின் தொன்மை, தமிழர் பெருமை, அழியும் நிலை, அரசு கைகொடுக்க வேண்டியதன் அவசியம் எல்லாவற்றையும் எழுதி, இறுதியில் 'பயிற்சி நடத்த ரூ.2,00,000 வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்தேன். மேடைப் பேச்சுக்கு அது நல்ல உரை. வாத்தியார் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்று குறைகளைச் சுட்டியிருந்தார்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இல்லை, வாத்தியாரின் பெயரில் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கான தணிக்கை செய்யப்பட்ட கணக்கு இணைக்கப்படவில்லை. கேட்கும் தொகைக்கு இன வாரியான செலவு விவரம் தரப்படவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு என் மாணவர் ஒருவர் இப்படி விடை எழுதியிருந்தால் நான் எத்தனை மதிப்பெண் தந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். கேட்ட கேள்வி ஒன்று, நான் எழுதிய விடை வேறொன்று. யார் நீங்கள், இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். கூத்து எவ்வளவு உயர்ந்தது என்று நான் எழுதியிருந்தேன். அது உயர்ந்த கலை என்பதில் அந்தப் படிவத்தை அச்சிட்டவர்களுக்கு ஐயம் இருந்திருந்தால் நிதியே ஒதுக்கியிருக்க மாட்டார்களே!

முதலில் சங்கத்தைச் சரிசெய்தோம்

வாத்தியாரின் தந்தை காலத்திலேயே 'நாடக சபா' என்ற பெயரில் சங்கம் பதிவாகியிருந்தது. பதிவுச் சான்று பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் பல ஆண்டுகளாக ஆண்டறிக்கை தாக்கல் செய்யப்படவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஒரு சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவுசெய்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கையும் நிருவாகிகள் மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாத சங்கம் பெயரளவில்தான் இருக்கிறது.

விடுபட்டவற்றைத் தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்தோம். பொதுக்குழுவைக் கூட்டித் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுத்தோம். சங்கத்தின் பெயரில் பான் எண் பெற்று, இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கைத் தொடங்கினோம்.

பழைய ஆண்டுகளின் கணக்கையும் தணிக்கை செய்து தரச் சொல்லிப் பட்டயக் கணக்காளரிடம் போனபோது, "இல்லாத ரசீதை என்னால் உண்டாக்க முடியாது. இன்றிலிருந்து ஒழுங்காக எழுதுங்கள், மூன்று ஆண்டு கழித்து வாருங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. 2021–22, 2022–23, 2023–24 ஆகிய மூன்று நிதியாண்டுகளின் கணக்கு முடியும்வரை நாங்கள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. ஜமாவில் இருவர் சலித்துப்போய், "இதெல்லாம் நமக்கு ஆவாது" என்றார்கள். வாத்தியார் மட்டும் பொறுமையாக இருந்தார்.

வாத்தியாரின் நோட்டு

2024 ஜூலையில் மீண்டும் எழுத உட்கார்ந்தோம். இம்முறை நான் பேனாவைத் திறக்கவில்லை. "இந்த மூன்று வருஷத்தில் எத்தனை கூத்து நடத்தியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். வாத்தியார் வீட்டுக்குள் போய் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார்.

ஒவ்வொரு கூத்தும் அதில் ஒரு வரி. தேதி, ஊர், கோயில், என்ன கூத்து, அச்சாரம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, யார் யார் வந்தார்கள், ஆளுக்கு எவ்வளவு பங்கு. எழுத்து கோணலாக இருந்தாலும் ஒரு வரிகூட விடுபடவில்லை. "பங்கு பிரிக்கறப்போ சண்டை வரக் கூடாதுன்னு எழுதறது சார். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

2021-இல் நான் நான்கு பக்கம் எழுதியபோது இந்த நோட்டு அதே வீட்டில், அதே பெட்டியில் இருந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை. நிதி தருகிற எந்த அமைப்பும் பார்க்க விரும்பும் சான்று அது. அதை விட்டுவிட்டு உயர்வு நவிற்சியைத் தேடிப் போயிருந்தேன்.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் ஒரு கலைக்குழு வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "எழுதிவைத்தது ஏதாவது இருக்கிறதா?" கோயில் நிருவாகம் தந்த ரசீது, திருவிழா நோட்டீஸ், அச்சாரச் சீட்டு, செய்தித்தாள் துணுக்கு, கைப்பேசியில் தேதியோடு இருக்கும் படம் எல்லாமே சான்றுகள். எதுவுமே இல்லையென்றால் இன்றிலிருந்து ஒரு பதிவேடு தொடங்கச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் 139 வரிகள்

வாத்தியாரிடம் அனுமதி பெற்று அந்த மூன்று ஆண்டுகளின் பக்கங்களைப் படி எடுத்தேன். பணப் பங்கு விவரத்தை மறைத்துவிட்டு, மற்றவற்றை ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஐந்து குழுக்களாகப் பிரித்து, பக்கங்களைப் பங்கிட்டுக் கொடுத்து, அட்டவணைப்படுத்தச் சொன்னேன்.

2021–22-இல் 41 கூத்து, அடுத்த ஆண்டு 46, அதற்கடுத்த ஆண்டு 52. மொத்தம் 139 இரவுகள், 63 ஊர்கள். ஒரு குழு ஊர்களை மாவட்ட வரைபடத்தில் குறித்தது. இன்னொரு குழு எந்த மாதத்தில் எத்தனை கூத்து என்று பட்டை வரைபடம் வரைந்தது. மழைக்காலத்தில் பட்டைகள் ஏறத்தாழ இல்லாமலே போயின. 'பயிற்சியை எந்த மாதங்களில் வைக்கலாம்?' என்ற கேள்விக்கு அந்தப் படமே விடை சொன்னது. பிறகு அதே படத்தை விண்ணப்பத்திலும் இணைத்தோம்.

மூன்றாவது குழு ஒவ்வொரு கலைஞரும் எத்தனை இரவு போயிருக்கிறார் என்று எண்ணியது. முகவீணைக்காரரின் மகன் அந்தக் குழுவில் இருந்தான். நான் அவனை அதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, வரிசைப்படி அமைந்தது. எண்ணி முடித்ததும் அவனே எழுந்து, "எங்கப்பா 131 சார். மீதி எட்டு, அவருக்குக் காமாலை வந்தப்போ" என்றான். முன்வரிசையில் யாரோ, "எல்லாரையும்விட ஜாஸ்தி" என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. நானும் பாடத்தைத் தொடர்ந்தேன்.

தமிழில் கடிதமும் அறிக்கையும் கற்பிக்கிறோம். கணக்கில் விழுக்காடும் புள்ளியியலும் கற்பிக்கிறோம். சமூக அறிவியலில் உள்ளாட்சியும் வரவு செலவுத் திட்டமும் வருகின்றன. ஓர் ஊர்ச் சங்கத்தின் உண்மையான விண்ணப்பம் இந்த மூன்றுக்கும் ஒரே செயல்திட்டமாக அமையும். ஒரு எச்சரிக்கை: தனிமனிதரின் வருமானம், ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூடாது.

எங்கே விண்ணப்பிக்கலாம்?

கலைக்குழுக்களுக்கான உதவி பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் கேட்க முடியாது. எனவே எந்தக் கதவு எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது.

தனிக் கலைஞருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினராகப் பதிவுசெய்த கலைஞர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. நம் வகுப்பில் கலைஞர் வீட்டுப் பிள்ளை இருந்தால், பெற்றோர் வாரியத்தில் பதிவுசெய்திருக்கிறார்களா என்று கேட்பதே நாம் உடனடியாகச் செய்யக்கூடிய உதவி. எங்கள் ஜமாவின் பன்னிரண்டு பேரில் ஐவர்தான் பதிவுசெய்திருந்தார்கள்.

மாநில அளவில், 1955-இல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. கலைமாமணி விருதுக்காக மட்டுமே பலருக்கு இதைத் தெரியும். இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்க கிராமியக் கலைஞர்களுக்கு உதவும் திட்டமும் இதனிடம் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகங்களில் இவை பற்றிக் கேட்டறியலாம். மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாக வழங்கும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரையிலான விருதுகளும் பின்னாளில் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட நம் மாணவர்கள் கலை இளமணிக்கு உரியவர்கள்.

மண்டல அளவில், தஞ்சாவூரில் 1986 முதல் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. நாட்டின் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்களில் இது ஒன்று. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு ஆகியவை இதன் எல்லைக்குள் வருகின்றன. பிற மாநில மேடைகளில் ஆடும் வாய்ப்பு இதன் வழியே கிடைக்கும்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் 'கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா' என்னும் பெருந்திட்டத்தின் கீழ், குரு சீடர் மரபில் பயிற்சி தரும் குழுக்களுக்கான உதவி, கலை நிகழ்ச்சி மற்றும் தயாரிப்புக்கான மானியம் போன்ற பிரிவுகள் உள்ளன. நிகழ்ச்சி மானியத்தில் சங்கம் மூன்று ஆண்டுகளாவது பதிவுபெற்றதாக இருக்க வேண்டும். செலவில் 25 விழுக்காட்டைச் சங்கமே ஏற்க வேண்டும். இத்தகைய மத்திய அரசு உதவிகளுக்கு நிதி ஆயோக் நடத்தும் தர்பண் தளத்தில் சங்கம் பதிவுசெய்து தனி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும்.

விதிகளும் தொகைகளும் கடைசி நாளும் அவ்வப்போது மாறும். போன ஆண்டு யாரோ பயன்படுத்திய படிவத்தை நகலெடுத்து நிரப்பாதீர்கள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள். நாங்கள் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் தேவைப்படும் இணைப்புகளைச் சிவப்பு மையில் குறித்தோம்.

நோக்கத்தை எப்படி எழுதுவது?

இரண்டாவது விண்ணப்பத்தின் திட்ட விளக்கம் ஒன்றரைப் பக்கம்தான். ஆறு கேள்விகளுக்கு நேரடியான விடை.

யார் செய்வது? மூன்றாண்டில் 63 ஊர்களில் 139 கூத்து நடத்திய, பன்னிரண்டு பேர் கொண்ட பதிவுபெற்ற சங்கம்.

எதற்காக? ஜமாவில் முகவீணை வாசிப்பவர் ஒருவரே. அவர் நோயுற்ற எட்டு இரவுகளிலும் முகவீணை இல்லாமலே கூத்து நடந்தது. அடுத்து வாசிக்க ஆள் இல்லை.

யாருக்காக? அரசுப் பள்ளியில் படிக்கும் 16 மாணவ மாணவியர்.

என்ன, எப்போது? மழைக்கால மாதங்களில் சனி, ஞாயிறு காலை வேளைகளில் 40 பயிற்சி அமர்வுகள். இறுதியில் ஓர் அரங்கேற்றம். பிள்ளைகளின் அரங்கேற்றம் விடிய விடிய நடக்காது, இரவு ஒன்பது மணிக்குள் முடியும்.

எவ்வளவு செலவு? தனி அட்டவணை.

முடிந்தபின் என்ன இருக்கும்? முகவீணையில் அடிப்படை தெரிந்த இருவர், முழுக் கூத்து ஒன்றை ஆடக்கூடிய ஒரு சிறுவர் குழு.

'அழியும் கலையை மீட்டெடுப்போம்' என்ற வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் முகவீணை இல்லாத எட்டு இரவுகள். அந்த வரி மாணவர்கள் எண்ணிச் சொன்னதிலிருந்து பிறந்தது. பின்னர் நேர்காணலுக்கு வாத்தியார் போனபோது முதலில் கேட்கப்பட்டதும் அந்த எட்டு இரவுகளைப் பற்றித்தான். எழுதியது அவருடைய நோட்டிலிருந்து எடுத்தது என்பதால் அவரே தடுமாறாமல் விடை சொன்னார். நான் அங்கே இல்லை, இருக்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

வரவு செலவுத் திட்டம்

'பயிற்சிக்கு இரண்டு லட்சம்' என்று எழுதுவதற்கும் கீழே உள்ளவாறு எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்.

வாத்தியார் மதிப்பூதியம்: 40 அமர்வு × ரூ.500 = ரூ.20,000
துணைப் பயிற்றுநர் மூவர் (மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை): 3 × 40 × ரூ.300 = ரூ.36,000
மிருதங்கம் தோல் மாற்றிப் பழுதுபார்த்தல்: 2 × ரூ.4,000 = ரூ.8,000
சிறுவர் அளவுக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை: 4 தொகுதி × ரூ.6,000 = ரூ.24,000
சிற்றுண்டி: 16 பேர் × 40 × ரூ.15 = ரூ.9,600
அரங்கேற்றம் (பந்தல், ஒலி, ஒளி): ரூ.15,000
பதிவேடு, படம், தணிக்கை: ரூ.7,400
மொத்தம்: ரூ.1,20,000

இதில் கால் பங்கு, அதாவது ரூ.30,000, சங்கத்தின் பொறுப்பு. அதை எப்படித் திரட்டுவது என்பதில் ஜமா இரண்டு கூட்டம் விவாதித்தது. முடிவில் அந்தப் பருவத்தின் பத்துக் கூத்துகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ரூ.3,000 ஒதுக்குவது என்று தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஒரு கூத்துக்கு ஆளுக்கு ரூ.250. சிறு தொகை அல்ல. தீர்மானத்தை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் நகலையும் விண்ணப்பத்துடன் இணைத்தோம். இடத்தையும் உழைப்பையும் பங்குத்தொகையாகக் கணக்கிடத் திட்டம் அனுமதிக்கிறதா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலைப்பட்டியல் இல்லாமல் பொருள்களின் விலையை எழுதக் கூடாது என்பதும் நாங்கள் கற்ற பாடம். கட்டை செய்பவரிடமும் மிருதங்கம் பழுதுபார்ப்பவரிடமும் எழுத்தில் விலை வாங்கினோம். கலைஞர்களின் மதிப்பூதியத்தைக் குறைத்துக் காட்டினால் நிதி எளிதில் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருபவருக்கு ரூ.300 தருவதே குறைவு.

கேட்டது 90,000, கிடைத்தது 60,000

எங்களுக்கு ரூ.60,000 ஒப்பளிப்பு ஆனது. எங்கள் பங்கைச் சேர்த்தால் கையில் ரூ.90,000. திட்டமோ ரூ.1,20,000-க்கு. இந்த நிலை பெரும்பாலான குழுக்களுக்கு வரும். அப்போது மூன்று வழிகள் உண்டு: மறுப்பது, கடன் வாங்குவது, திட்டத்தைச் சுருக்குவது. கடன் வாங்குவது மட்டும் கூடவே கூடாது என்று கணக்காளர் உறுதியாகச் சொன்னார். வேறொரு துறையிடம் இதே செலவுக்கு இன்னொரு மானியம் கேட்கலாமே என்ற யோசனையும் வந்தது. ஒரே பணிக்கு இரண்டு இடத்தில் மானியம் பெறவில்லை என்று உறுதிமொழி தந்திருக்கிறோம் என்பதை நினைவூட்டினேன்.

சுருக்கினோம். அமர்வுகள் 40-இலிருந்து 30 ஆயின. வாத்தியாருக்கு ரூ.15,000, துணைப் பயிற்றுநர்களுக்கு ரூ.27,000. கட்டை நான்குக்குப் பதிலாக இரண்டு தொகுதி, ரூ.12,000. மிருதங்கமும் அரங்கேற்றமும் மாறவில்லை. பதிவேடும் தணிக்கையும் ரூ.5,800. சிற்றுண்டியை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வாத்தியார் ஒப்பவில்லை. "வயிறு காஞ்ச புள்ளைக்கு குரல் எழும்பாதுப்பா" என்றார். நாள்கள் குறைந்த அளவுக்கு மட்டும் குறைத்து ரூ.7,200 ஆக்கினோம். கூட்டிப் பாருங்கள், சரியாக ரூ.90,000 வரும். எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

திருத்திய திட்டத்தை அப்படியே நடைமுறைப்படுத்திவிடக் கூடாது. நிதி தந்த அமைப்புக்கு எழுதி, எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கிய பிறகே முதல் செலவைச் செய்தோம்.

பணம் வந்த பிறகு

விண்ணப்பம் எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதி கணக்குக் கொடுப்பது. மத்திய அரசின் மானியமானால் ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்னும் படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மாநில அமைப்புகளுக்கும் அவரவர் படிவம் உண்டு. பெயர் எதுவானாலும் சாரம் ஒன்றுதான்: எதற்குக் கொடுத்தோமோ அதற்குச் செலவானதா? இதைத் தராவிட்டால் அடுத்த தவணையும் வராது, அடுத்த விண்ணப்பமும் நிற்காது.

நாங்கள் மூன்று பழக்கங்களைக் கடைப்பிடித்தோம். ஒவ்வோர் அமர்விலும் பயிற்றுநரும் மாணவரும் கையெழுத்திடும் வருகைப் பதிவேடு. முடிந்தவரை வங்கி வழியாகவே பணம் கொடுத்தல், ரொக்கமானால் அன்றே பற்றுச்சீட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அன்று கணக்கைச் சங்க உறுப்பினர்கள் முன் சத்தமாக வாசித்தல். இந்த மூன்றாவது பழக்கம் எந்த விதியிலும் இல்லை. ஆனால் 'பணம் எங்கே போச்சு' என்ற பேச்சு ஊரில் எழாமல் காத்தது அதுதான். பிள்ளைகளின் படங்களை அறிக்கையில் சேர்க்கும் முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம்.

ஆசிரியரின் இடம் எது?

சங்கத்தின் செயலாளராக என்னையே இருக்கச் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் நமக்குப் பொருந்தும். சங்கப் பொறுப்பு ஏற்பதோ, நிதி திரட்டுவதில் ஈடுபடுவதோ உரிய அனுமதி இல்லாமல் செய்யக் கூடியவை அல்ல. பள்ளி வளாகத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதற்கும் தலைமையாசிரியர் வழியாக முறையான அனுமதி வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவுசெய்தார்.

விதியைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. நமக்குப் பணியிட மாறுதல் வரும். நாம் போன மறுநாள் சங்கத்தின் கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போனால், நாம் செய்தது உதவியே அல்ல. அதனால் கடவுச்சொல், கோப்பு, முத்திரை, குறிப்பேடு எதுவும் என்னிடம் இல்லை. ஜமாவில் மத்தளம் வாசிக்கும் இளைஞர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். படிவங்களை அவரே நிரப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அவருக்கு மூன்று மாலைகள் எடுத்தது. அந்த மூன்று மாலைகள்தான் சங்கத்துக்கு நான் செய்த உண்மையான உதவி என்று இப்போது எண்ணுகிறேன். அடுத்த விண்ணப்பத்தை அவர் என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார்.

2022–23 முதல் நம் துறை நடத்திவரும் கலைத் திருவிழாவால் மாணவர்களின் கலைத்திறன் மேடை ஏறுகிறது. அந்த மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஊர்க் கலைஞர்களும் நிமிர்ந்து நிற்க வேண்டும் அல்லவா? அதற்கு நாம் மாலை போட்டுப் பாராட்டுவதைவிட, அவர்களுடைய வேலைக்கு எண்ணும் கணக்கும் இருக்கிறது என்று அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துக்காட்டுவது மேல்.

அரங்கேற்றம் முடிந்து நிறைவறிக்கை தயாரானபோது, பயிற்றுநர் பட்டியலைப் படியெடுக்கும் பொறுப்பைப் பயிற்சிக்கு வந்த மாணவர்களே ஏற்றார்கள். பெயர், வயது, தொழில், அனுபவம் என்று நான்கு கட்டங்கள். நான்காவது வரிசையில் இருந்தது முகவீணைக்காரரின் பெயர். தொழில் என்ற கட்டத்தில் அவருடைய மகன் 'முகவீணைக் கலைஞர்' என்று எழுதியிருந்தான். அனுபவம் என்ற கட்டத்தில் '22 ஆண்டுகள்' என்று எழுதி, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'அப்பாவிடம் கேட்டு எழுதியது' என்று சேர்த்திருந்தான். அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பினோம்.